நம்பர் சொல்லும் நாள்

உட்காருங்க. அந்த நாற்காலியில் வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்க. ஆப்பிளைக் கீழே வையுங்க. ஹார்லிக்ஸையும் அங்கேயே வையுங்க. அம்மா உள்ளே படுத்திருக்காங்க, எழுப்ப மாட்டேன். நீங்க அம்மாவைப் பார்க்க வரலைன்னு எனக்குத் தெரியும்.

இதோ, மெசேஜ் வந்தாச்சு. நீங்க செருப்பைக் கழற்றவும் போன் அடிக்கவும் சரியா இருக்கு. அங்கே ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னாடி ஒருத்தனை உட்கார வெச்சிட்டுத்தானே வந்திருக்கீங்க? அம்மாவோட சிம் என் போனில் இருக்குன்னும் உங்களுக்குத் தெரியும். எல்லாம் தெரிஞ்சுதான் வந்திருக்கீங்க.

சொல்றேன் அண்ணா. ஓ.டி.பி. நம்பர்தானே? எங்கே ஓடிப்போகுது? என்ன அவசரம்?

வழக்கமா நான்தான் அவசரக்காரி. கம்பெனியில் நம்ம லைனில் எல்லாருக்கும் தெரியும். பிளஸ் ஒன்னையே பாதியில் விட்டவள் நான். வீட்டில் கஷ்டம், அதனால் நிறுத்தினாங்கன்னு எல்லாம் கதை சொல்ல மாட்டேன். யாரும் நிறுத்தலை. கெமிஸ்ட்ரி மிஸ் ஒரே விஷயத்தை மூணு நாள் நடத்தினாங்க, எனக்குப் பொறுமை இல்லை, பையைத் தூக்கிட்டு வந்துட்டேன். அம்மா தலையில் அடிச்சுக்கிட்டாங்க. நீங்கதான், "விடுங்கக்கா, நாலெழுத்து படிச்ச பிள்ளை நம்ம லைனுக்கு வேணும்"னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு. அன்னைக்கு உங்களை எனக்கு அவ்வளவு பிடிச்சிருந்தது.

போனைப் பார்க்காதீங்க. என்னைப் பாருங்க.

இந்த நம்பரைச் சொன்னால் என்ன ஆகும்? நானே சொல்லிடறேன், நீங்க சுத்தி வளைக்க வேண்டாம். அம்சவேணி என்கிற எங்கம்மா பங்குனி மாசமே தானாக வேலையை விட்டு நின்னுட்டாங்க, பி.எஃப். கணக்கை அவங்களே கேட்டு முடிச்சுக்கிட்டாங்கன்னு ஆகும். பங்குனியில் நின்னவங்களுக்கு இப்ப வந்த நோவுக்கு ஈ.எஸ்.ஐ. பார்க்காது. நான் கொடுத்த புகாரும் செல்லாது. திங்கட்கிழமை வர்ற ஈ.எஸ்.ஐ. இன்ஸ்பெக்டர் கம்பெனியில் டீ குடிச்சிட்டுப் போயிடுவார். அதுக்குத்தானே இந்த ஆப்பிள்?

அப்ப ஆவணி மாசம் நீங்க சூப்பர்வைசரா இருக்கிற லைனில், ஷூ ஒட்டற பேஸ்ட் டப்பா மேலேயே சாய்ஞ்சு விழுந்தது யாரு? எங்கம்மாவோட பேயா? நீங்கதானே சோடா வாங்கிட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பினீங்க? முகத்தில் தண்ணி அடிச்சீங்க? பங்குனியில் வேலையை விட்டவங்க முகத்தில் ஆவணியில் எப்படிங்க தண்ணி அடிக்க முடியும்?

சிரிக்காதீங்க. நான் சிரிக்கிறதுக்குச் சொல்லலை.

அம்மாவுக்கு நெஞ்சில் ஒரு வால்வு சரியா மூடலையாம். டாக்டரம்மா நல்லவங்க, படம் போட்டுக் காட்டினாங்க. ஆபரேஷன் பண்ணணும், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், ஈ.எஸ்.ஐ. இருக்கில்ல, கவலைப்படாதீங்கன்னாங்க. நான் கவலைப்படலை. ஏன் படணும்? பன்னிரண்டு வருஷமா வாராவாரம் கூலியில் பிடிச்சிருக்கீங்க. ஈ.எஸ்.ஐ. கவுன்ட்டருக்குப் போனேன். அங்கே ஒரு ஆள், கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கிட்டு. "அட்டை"ன்னார். எங்கம்மா கொண்டுவந்ததை எடுத்து வெச்சேன்.

எங்கம்மா எதில் அட்டை வெச்சிருந்தாங்க தெரியுமா? நீங்க தீபாவளிக்குத் தருவீங்களே, அந்த ஸ்வீட் டப்பாவில். ஒவ்வொரு தீபாவளி முடிஞ்சும் புதுசா ஒரு ஈ.எஸ்.ஐ. அட்டை வருமில்ல? பழசைத் தூக்கிப் போடலை, எல்லாத்தையும் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கி வெச்சிருந்தாங்க. நிறைய அட்டை இருந்தால் நிறைய வைத்தியம் பார்ப்பாங்கன்னு நினைச்சிருக்காங்க! பக்கத்தில் நின்ன ஒரு அம்மாகிட்டே, "உங்களுக்கு ஒண்ணுதானா?"ன்னு பெருமையா வேற கேட்டாங்க. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டப்பாவைப் பிடுங்கி ரோட்டில் வீசியிருப்பேன்.

கண்ணாடிக்காரர் ஒவ்வொண்ணா கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். "இது பழசு." அடுத்தது. "இதுவும் பழசு." அடுத்தது. "இந்தக் கம்பெனியே இப்ப இல்லை." கடைசி அட்டையைப் போட்டார். "பங்குனியில நின்னுட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் கட்டலை. ஆள் வேலையிலயே இல்லை."

"வேலையில் இல்லாமலா சார் உடம்பெல்லாம் பேஸ்ட் வாசனை அடிக்குது? மோந்து பாருங்க"ன்னேன்.

"வாயைக் குறைம்மா"ன்னார்.

நான் குறைக்கலை. அவரும் குறைக்கலை. நல்லா சண்டை போட்டோம், பின்னாடி நின்னவங்க எல்லாம் கத்தினாங்க. கடைசியில் அவரே கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "நல்லா பாரு. உங்கம்மா ஒவ்வொரு ஐப்பசியிலும் வேலையை விட்டிருக்காங்க. கார்த்திகையில் வேற பேருள்ள கம்பெனியில புதுசா சேர்ந்திருக்காங்க. எல்லா வருஷமும் இதே கதை. இப்படித் தாவிக்கிட்டே இருந்தா நான் என்ன பண்ண?"

தாவினாங்களாம்! எங்கம்மா! அதே ஷெட், அதே டேபிள், அதே பேஸ்ட் டப்பா. ஜன்னலை ஒட்டின இடம், அதைக்கூட யாருக்கும் விட்டுத் தர மாட்டாங்க. காலையில் அதே பஸ், சாயங்காலம் அதே பஸ். தாவினது நீங்க. போர்டை மாத்தி மாத்தி மாட்டினது நீங்க. இந்தப் பங்குனியில் தீபாவளி வரைக்கும்கூடப் பொறுக்காம நடுவிலேயே பேரை மாத்திட்டீங்க. பழைய பேரில் எல்லாரும் நின்னுட்டதா எழுதியாச்சு. புதுப் பேரில் ஒருத்தரையும் எழுதலை. கூலியில் பிடிக்க மட்டும் மறக்கலை.

மறுபடி அடிக்குது. இது ரெண்டாவது மெசேஜ். முதல் நம்பர் செத்துப்போச்சு போலிருக்கு. உங்க ஆள் சுறுசுறுப்புதான். இருக்கட்டும், இதுவும் சாகட்டும். நான் இன்னும் முடிக்கலை.

நம்பர் சொல்ற நாள்னு நம்ம லைனில் எப்படிக் கொண்டாடுவோம்! தீபாவளிக்கு முன்னாடி ஒரு நாள், டீ டைமில், நீங்க செக்கிங் டேபிளில் லேப்டாப்பை வெச்சுக்கிட்டு உட்காருவீங்க. வீட்டிலிருந்து கண்டிப்பா போன் கொண்டு வரணும்னு முதல் நாளே சொல்லிடுவீங்க. சிலர் புருஷன் போனைக் கெஞ்சி வாங்கிட்டு வருவாங்க. சார்ஜ் போயிடுமோன்னு பயந்து அதைத் தொடவே மாட்டாங்க. வரிசையா நிப்பாங்க. நீங்க ஒவ்வொருத்தர் பேரா தட்டுவீங்க, போன் அடிக்கும், நம்பரைச் சொல்லணும், நீங்க போட்டுக்குவீங்க, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் பேங்க்கில் பணம் ஏறும். போனஸ் வந்தாச்சுன்னு எல்லாருக்கும் சந்தோஷம். அவங்க பி.எஃப். பணத்தை அவங்களுக்கே எடுத்துக் கொடுத்துட்டு மேலே அரைக் கிலோ மைசூர் பாக்கு. உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டாங்க அண்ணா. எங்கம்மா அந்தப் பணத்தில் மிக்ஸி வாங்கி அதுக்கு உங்க பேரைச் சொல்லி சூடம் காட்டினாங்க. நான் பார்த்தேன்.

நான் வர்றதுக்கு முன்னாடி அந்த நாள் ரொம்ப மோசமா நடக்குமாம். மெசேஜ் இங்கிலீஷில் வரும், யாருக்கும் படிக்கத் தெரியாது. ஆறை ஒன்பதுன்னு சொல்லி, அதுக்குள்ள நேரம் தாண்டி, மறுபடி அனுப்பி, பொழுது போயிடுமாம். நான் சேர்ந்த முதல் வருஷம் நீங்க, "யுவராணி, இங்க வா, நீ படி"ன்னீங்க. டக்கு டக்குன்னு படிச்சேன். போனை வாங்குவேன், நம்பரைச் சொல்வேன், போனைக் கொடுப்பேன், அடுத்தது. போனை வாங்குவேன், நம்பரைச் சொல்வேன், அடுத்தது. டீ ஆறுறதுக்குள்ள மொத்த லைனையும் முடிச்சேன். நீங்களே அசந்து போனீங்க. பிரியாணி வாங்கிக் கொடுத்தீங்க. அடுத்த வாரமே பேஸ்ட் டேபிளிலிருந்து செக்கிங்குக்கு மாத்தினீங்க. உட்கார்ந்த வேலை, பேன் காத்து. எங்கம்மாவே பன்னிரண்டு வருஷத்தில் பேனுக்குக் கீழே உட்கார்ந்ததில்லை. திறமைக்குக் கொடுத்தது, நான் இல்லைன்னு சொல்லலை.

அதில்தான் எல்லாருக்கும் வயித்தெரிச்சல். எதிர்வீட்டுப் பூங்காவனம் அக்காவையே எடுத்துக்கங்க. எங்கம்மாவுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்து பேஸ்ட் போடறவங்க. என்னைத் தூக்கி வளர்த்தவங்க. சித்திரை மாசத்திலிருந்து என்கிட்டே பேசறதில்லை. கர்ப்பப்பையில் கட்டின்னு ஈ.எஸ்.ஐ.க்குப் போனாங்க, அங்கே பார்க்க மாட்டோம்னு திருப்பி அனுப்பிட்டாங்க, காதில் கிடந்த கம்மலை வித்து வெளியில் ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. பாவம்தான். ஆனா அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? பார்க்கப் போனேன், ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. தெருக்குழாயில் நான் குடத்தை வெச்சா அவங்க தன் குடத்தை எடுத்துக்கிட்டுப் போயிடறாங்க. ஒரு நாள் நேராவே கேட்டேன், "இன்னாக்கா, பேனு காத்து நான் வாங்கறேன்னு பொறாமையா?"ன்னு. அவங்க என்னைப் பார்த்த பார்வை இருக்கே!  குடத்தை இடுப்பில் ஏத்திக்கிட்டுப் போனாங்க. நன்றி கெட்ட ஜனம். அவங்க நம்பரையும் நான்தான் படிச்சேன். அவங்களுக்கு ஆறும் தெரியாது, ஒன்பதும் தெரியாது.

சரி, அதை விடுங்க.

யாரு? அம்மா முழிச்சிட்டாங்க போல. ஒண்ணும் இல்லம்மா, தயாளன் அண்ணா வந்திருக்காரு. நீ படு. ஆமா, கம்பெனியிலிருந்துதான். காப்பியா? காப்பி எல்லாம் கேட்கலை. நீ படும்மா, எழுந்துக்காதே!

கேட்டீங்களா? மூச்சு எப்படி இழுக்குது பாருங்க, அதில் உங்களுக்குக் காப்பி கொடுத்தியான்னு கேட்கறாங்க. "அவரு மனசு கோணாம நம்பரைச் சொல்லிடுடி"ங்கறாங்க. நம்பர் சொல்லலைன்னா தீபாவளிக்கு அப்புறம் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்கன்னு பயம். இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு வேலைக்குப் போற நினைப்பு. எனக்கு எங்கம்மாவைப் பிடிக்கும், ஆனா அடிக்கணும்போல இருக்கும் சில நேரம். எத்தனை வருஷம் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாயில்லாத ஜென்மம்.

கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் பார்க்கலாமேன்னு நீங்க சொல்வீங்க. போனோம். தை மாசம் தேதி கொடுத்திருக்காங்க. தை வரைக்கும் தாங்காதுன்னு டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. அம்மாவுக்கு அது தெரியாது. சத்தமா பேசாதீங்க.

அதனாலதான் புகார் எழுதிக் கொடுத்தேன். அந்தக் கண்ணாடிக்காரர்தான் சொல்லிக் கொடுத்தார். சண்டை போட்ட ஆள்தான், ஆனா பொய் சொல்லத் தெரியாத ஆள். "ஆவணி வரைக்கும் அங்கதான் வேலை செஞ்சாங்கன்னு நிரூபிச்சா கம்பெனிகிட்ட வசூல் பண்ணிக்குவோம், வைத்தியத்தை நிறுத்த மாட்டோம். ஆனா ஒண்ணு. கணக்கை முடிச்சுப் பணம் வாங்கிட்டா போச்சு. வேலையை விட்டுட்டேன்னு நீங்களே சொன்ன மாதிரி. அப்புறம் என்கிட்ட வந்து கத்தாதே"ன்னார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். கெமிஸ்ட்ரி மிஸ் மாதிரி மூணு நாள் இழுக்கலை. எனக்குப் பிடிச்சது.

இல்லை. பணம் வேண்டாம். நீங்க தனியா போட்டுத் தருவீங்களோ, முதலாளி தருவாரோ, எதுவும் வேண்டாம். கவரை எடுத்துப் பையில் வையுங்க. எங்கம்மா பார்த்தா உங்களை மறுபடி கும்பிடுவாங்க, அதை என்னால் பார்க்க முடியாது.

என்ன முணுமுணுக்கறீங்க? சத்தமா சொல்லுங்க.

நானா?

மறுபடி சொல்லுங்க.

"இன்ஸ்பெக்டர் கேட்டா நான் உன்னைக் கை காட்டுவேன். எல்லார் நம்பரையும் படிச்சது நீதானே. ஒருத்தர் விடாம. உங்கம்மா நம்பரையும் நீதானே படிச்ச, ரெண்டு தீபாவளிக்கும்." இதுதானே சொன்னீங்க? சரியாக் கேட்டேனா?

ஆமா. படிச்சேன்.

படிச்சேன். படிக்கச் சொன்னது யாரு? பிரியாணி வாங்கிக் கொடுத்தது யாரு? நான் என்ன, எனக்குத் தெரிஞ்சா... அப்ப எனக்குப் பதினேழு வயசு. போனைக் கொடுத்தாங்க, படிச்சேன். வரிசை நிக்குது, எல்லாரும் சீக்கிரம் சீக்கிரம்ங்கறாங்க. அதில் என்ன தப்பு? என்னைப் பார்த்து எப்படி நீங்க...

பூங்காவனம் அக்கா நம்பரை ரெண்டாவது வருஷமும் நான்தான் படிச்சேன். அந்தத் தடவை அவங்க போனில் கண்ணாடி உடைஞ்சிருந்தது, வெயில் பக்கம் திருப்பித்தான் படிச்சேன். அவங்க என் தலையைத் தடவி, "என் கண்ணு, எனக்கு இதெல்லாம் தெரியாதுடி"ன்னாங்க.

இருங்க. எழுந்துக்காதீங்க, வேலை இருக்குன்னு இப்ப சொல்லாதீங்க. கதவுகிட்டேதான் போறேன்.

அக்கா! பூங்காவனம் அக்கா! இங்க கொஞ்சம் வாங்க. தெரியும், பேச மாட்டீங்க. பேச வேண்டாம். வந்து நில்லுங்க போதும். இல்லக்கா, அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலை. தயாளன் அண்ணா வந்திருக்காரு. ஆமா, அதே தயாளன் அண்ணாதான். நம்பர் கேட்டு வந்திருக்காரு.

வர்றாங்க. எவ்வளவு வேகமா வர்றாங்க பாருங்க.

அக்கா, என்னைத் திட்டறதை அப்புறம் திட்டுங்க, அடிக்கறதுன்னாலும் அடிங்க, நான் எங்கேயும் போக மாட்டேன். திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றாரு. ஆவணி வரைக்கும் உங்க பக்கத்தில் எங்கம்மா உட்கார்ந்து பேஸ்ட் போட்டாங்கன்னு நீங்க சொல்லணும். உங்களைத் திருப்பி அனுப்பினதையும் சொல்லணும். நான் எல்லார் நம்பரையும் படிச்சேன்னு நானே சொல்லப் போறேன். இவர் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்வேன். யாருக்குப் படிச்சேன், எந்த டேபிளில் உட்கார்ந்து படிச்சேன், எல்லாம் சொல்வேன்.

இதோ, மறுபடி அடிக்குது. மூணாவது. நல்ல நேரத்தில்தான் அடிக்குது. அக்கா, கிட்டே வாங்க. இன்னைக்கு முழுசா படிக்கறேன், கேளுங்க. முதலில் நம்பர் இருக்கு, அதை விடுங்க, அதை மட்டும் படிக்க மாட்டேன். அதுக்கப்புறம் எழுதியிருக்கறதைத் தமிழில் சொல்றேன். "வேலையிலிருந்து விலகிக் கணக்கை முடிக்க நீங்கள் கேட்டதற்காக இது அனுப்பப்படுகிறது. நீங்கள் கேட்கவில்லை என்றால் இதை யாரிடமும் சொல்லாதீர்கள்." அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் இதே மாதிரிதான் வந்திருக்கணும். எங்கம்மா போனிலும். உங்க உடைஞ்ச போனிலும்.

என்னக்கா?

"இதை ஏண்டி அன்னைக்கே படிக்கல?"

வரிசை நின்னதுக்கா. அவசரம். நம்பருக்குக் கீழே என் கண்ணு போகலை.

உள்ளே வாங்க. இப்படி நின்னுக்கிட்டே இருக்காதீங்க, உங்களுக்கு வயித்தில் தையல் போட்ட உடம்பு. அதில் வேண்டாம், அந்த நாற்காலி ஆடும். தயாளன் அண்ணா, எழுந்திருங்க. அவங்க உட்காரட்டும்.